வால் குழாயை எதால் பிடிப்பது: ஒரு லாங் டெயில் எஞ்சின் வேலையின் முழுக் கதை

பாம்பன் தெற்குவாடியில் கட்டி நிறுத்தும் ஒரு ஃபைபர் படகின் லாங் டெயில் எஞ்சினில் வால் குழாயைக் கழற்றிப் புதுக் குழாய் மாட்டிய வேலை இது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு மரையைத் திருகிக் கழற்றி இன்னொன்றைத் திருகி மாட்டுவதுதான். வீட்டுக் கொட்டகையில் செய்கிறவர்களுக்கு இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் திருகும் இடத்தில் இல்லை, பிடிக்கும் இடத்தில்தான். நீளமான கம்பி எல்லோரிடமும் இருக்கிறது, அதைப் போட்டு இழுக்க நாலு பேரும் வந்து நிற்பார்கள், ஆனால் அந்த இழுப்பை வாங்கிக்கொண்டு நகராமல் நிற்க வேண்டிய பக்கத்தை எதால் பிடிப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் கழற்றியதைப் பற்றிக் குறைவாகவும் பிடித்ததைப் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

தெரியாதவர்களுக்காக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் படகின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான இரும்புக் குழாய் கடலுக்குள் சாய்வாக இறங்கும், அதன் உள்ளே 25 மில்லிமீட்டர் சாப்ட் சுற்றும், நுனியில் புரொப்பல்லர். குழாயின் மேல் முனை மரை வெட்டப்பட்டு, எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் ஒரு அலுமினிய ஹவுசிங்குக்குள் திருகப்பட்டிருக்கும். அந்த ஹவுசிங்குக்குள்ளேதான் 6205 பேரிங் உட்கார்ந்திருக்கிறது. எல்லா எஞ்சினும் இப்படி இருக்காது, சிலதில் குழாயைக் கிளாம்ப் போட்டுப் பிடித்திருப்பார்கள், சிலதில் பற்றவைத்தே விட்டிருப்பார்கள். இது உள்ளூர் லேத்தில் கடைந்து செய்த மரை வகை.

என்ன நிலையில் வந்தது

கடலடிப் பாறைத் திட்டான பாரில் தட்டி குழாய் வளைந்துவிட்டது. மன்னார் வளைகுடாப் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு இது புதுசில்லை, தண்ணீர் வற்றும் நேரத்தில் கொஞ்சம் கவனம் பிசகினால் போதும். வளைந்த குழாய்க்குள் சாப்ட் உரசி, அதைத் தாங்கும் புஷ் தேய்ந்து, எஞ்சின் அதிர ஆரம்பித்திருந்தது.

வந்த நேரம்தான் வேடிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் அத்தனையும் கரையில் நிற்கும், அவை செய்ய வேண்டிய மராமத்து எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் செய்து முடிக்கும். அதனால் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் எந்த லேத், எந்த வெல்டிங் பட்டறைக்குப் போனாலும் வரிசை. ஆனால் நாட்டுப்படகுக்குத் தடை இல்லை, அந்த நேரத்தில் மீனுக்கு விலையும் நன்றாகக் கிடைக்கும், ஆக பட்டறைகள் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும் அதே நாட்களில்தான் நாட்டுப்படகுக்காரருக்கு எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். படகுக்கார அண்ணன் ஓரிடத்தில் கொடுத்துப் பார்த்திருக்கிறார், அங்கே அவசரத்தில் ஹவுசிங்கை வைஸில் கவ்வி, குழாயில் பைப் ரெஞ்சு போட்டு, ரெஞ்சுக் கைப்பிடியில் இன்னொரு குழாயைச் சொருகி இழுத்திருக்கிறார்கள். வரவில்லை. என்னிடம் வந்தபோது குழாயில் மரைக்குப் பக்கத்திலேயே பல் கடித்த தடம் சுற்றிலும் இருந்தது, குழாய் அந்த இடத்தில் லேசாக முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. ஹவுசிங்கின் வெளிச்சுவரில் வைஸ் தாடையின் கோடுகள்.

நல்லவேளை, பேரிங் உட்காரும் துளை கெட்டிருக்கவில்லை. 52 மில்லிமீட்டர் துளை அது, காலிப்பர் வைத்து நாலு பக்கமும் அளந்து பார்த்தோம். அந்த மாதிரி பேரிங் இருக்கையில் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் கோணினாலே பேரிங் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். இன்னும் கொஞ்சம் இறுக்கியிருந்தால் ஹவுசிங்கையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

முதலில் பார்க்க வேண்டிய ஒன்றை முன்பு பார்த்தவர்கள் பார்க்கவில்லை. ஹவுசிங் கழுத்தில் பெயின்டுக்கு அடியில் ஒரு சின்ன பூட்டு ஸ்க்ரூ, அலன் கீ போடும் வகை, மரையைக் குறுக்கே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுரண்டிப் பார்த்தால்தான் தெரியும். அது இருக்கும்போது எத்தனை பேர் இழுத்தாலும் ஒன்று மரை அரையும், இல்லையென்றால் குழாய் முறுக்கும்.

ஸ்க்ரூவை எடுத்த பிறகும் குழாய் அசையவில்லை என்பது வேறு விஷயம். இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால் அலுமினியம்தான் அரிபடும். அரித்த அலுமினியம் வெள்ளைப் பொடியாக மாறி முன்பிருந்ததைவிட அதிக இடம் பிடிக்கும், மரையின் இடுக்குக்குள் போய் ஆப்பு அடித்தது மாதிரி நிற்கும். ஆக, இதை மாட்டியவன் இவ்வளவு இறுக்கமாக மாட்டியிருக்க மாட்டான், இறுக்கியது கடல்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 10 குதிரைத்திறன் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது சாப்டில் வரும் முறுக்கு கணக்குப்படி சுமார் 24 நியூட்டன் மீட்டர்தான். அதுவும் உள்ளே சுற்றும் சாப்டுக்கு, வெளிக்குழாய்க்கு அதில் புஷ் உராய்வு அளவுக்கு மட்டுமே வரும். கழற்ற வேண்டியிருந்ததோ அதைப்போல இருபது மடங்குக்கும் மேல். மாட்டும்போது எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்குக் கழற்றும்போது பட்ட பாடு அளவுகோல் ஆகாது.

பிடிப்பதற்கு என்னென்ன இருந்தது

கொட்டகையில் இருந்தது ஒரு 4 அங்குல வைஸ், ஒரு பைப் ரெஞ்சு, இரவல் வாங்கக்கூடிய தூரத்தில் ஒரு செயின் ரெஞ்சு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

"எப்படியும் தூக்கிப் போடப்போற குழாய்தானே, பல் பதிஞ்சா என்ன?" என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. பழைய குழாயில் தழும்பு விழுவதைப் பற்றி எனக்கும் கவலை இல்லை. ஆனால் பைப் ரெஞ்சு இரண்டு இடத்தில் மட்டும் அழுத்திக் கடிக்கிறது, இழுக்க இழுக்க இன்னும் இறுகுகிறது. 40 என்பி (பெயரளவு உள்விட்டம்) மீடியம் குழாய் இது, வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், சுவர் கனம் 3.2 மட்டுமே. மரைக்குப் பக்கத்தில் போட்டால் குழாய் நசுங்கும், அந்த நசுங்கல் மரைப் பகுதி வரை போகும், வட்டமான துளைக்குள் முட்டை வடிவ மரை சுற்றினால் அலுமினிய மரையைச் சுரண்டிக்கொண்டுதான் வரும். தூரத்தில் போட்டால் நசுங்கல் மரைக்குப் போகாது, ஆனால் நடுவில் இருக்கும் குழாய் முறுக்குக் கம்பி மாதிரி முறுகி, நாம் கொடுக்கும் அதிர்ச்சியை விழுங்கிவிடும். இறுகிப்போன மரையை விடுவிப்பது சடக்கென்று விழும் அந்த அடிதான், அது மரைக்குப் போய்ச் சேரவே சேராது. இது தவிர, இதே பிடிமானம் புதுக் குழாயை மாட்டவும் வேண்டும். கால்வனைஸ் பூச்சில் பல் பதிந்தால் அந்தக் கோட்டிலேயே துரு தொடங்கும், இந்தக் காற்றில் அதற்கு அதிக நாள் எடுக்காது.

செயின் ரெஞ்சு கொஞ்சம் மேல். சங்கிலி சுற்றிலும் அணைத்துப் பிடிப்பதால் நசுங்கல் குறைவு. ஆனாலும் பல் ஓரிடத்தில் கடிக்கத்தான் செய்யும். அகலமான நைலான் பட்டை ரெஞ்சு தழும்பே போடாது, ஆனால் இந்த அளவு முறுக்குக்கு வழுக்கும், ஃபில்டர் கழற்ற வைத்துக்கொள்ளலாம்.

வைஸ் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன். 60 கிலோ ஆள் ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் முழு எடையையும் போட்டால் முறுக்கு ஏறக்குறைய 600 நியூட்டன் மீட்டர். குழாயின் ஆரம் 24 மில்லிமீட்டர். ஆக, குழாயின் மேல்பரப்பில் அது வழுக்காமல் நிற்க 25,000 நியூட்டன், அதாவது இரண்டரை டன் உராய்வு தேவை. காய்ந்த இரும்புக்கும் இரும்புக்கும் இடையே உராய்வு எண் 0.2 என்று வைத்தால் இரண்டு தாடையும் ஒன்றை நோக்கி ஒன்று ஆறு டன்னுக்கு மேல் அழுத்த வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்து அது 0.1 ஆக இறங்கினால் பன்னிரண்டு டன். 4 அங்குல வைஸைக் கையால் இறுக்கி அதற்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. கைப்பிடியில் குழாய் சொருகி இறுக்கினால் முதலில் உடைவது வைஸின் வார்ப்புதான். அதோடு தட்டையான தாடை வட்டக் குழாயை இரண்டு கோட்டில் மட்டுமே தொடுகிறது.

இன்னொன்று, வைஸை எதில் மாட்டியிருக்கிறோம்? எங்கள் பக்கம் தரை மணல், அதன்மேல் மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டிருந்தால் பெரிய விஷயம். மேசை அறுபது கிலோ இருந்தாலும் 600 நியூட்டன் மீட்டருக்கு முன்னால் அது எழுந்து நிற்கும். நாலு பேர் மேசையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் இழுக்கும் காட்சியைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். இழுக்கிற கம்பி சடாரென்று விடும்போது யாருடைய விரல் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆக, தேவை இரண்டு. குழாயைச் சுற்றி முழுவதுமாக அணைத்து, நசுக்காமல், மரைக்குப் பக்கத்திலேயே பிடிக்கும் ஒன்று. ஹவுசிங்கின் மெல்லிய சுவரைத் தொடாமல் அதன் கெட்டியான பகுதியில் பிடிக்கும் இன்னொன்று.

வழி சொன்னது எங்கள் தெருவில் இருக்கும் மாமா. ராணுவத்தில் ஈஎம்ஈ பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். நம் மாவட்டத்தில் தெருவுக்கு ஒரு ராணுவக்காரர் இருப்பார், ஆனால் துப்பாக்கி பழுது பார்த்தவர் கிடைப்பது அபூர்வம். குழாயையும் ஹவுசிங்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது பேரலும் ரிசீவரும்தான், வேற ஒண்ணுமில்ல" என்றார். பேரல் என்பது துப்பாக்கிக் குழல், ரிசீவர் அந்தக் குழல் மாட்டும் உடல்பகுதி. பழைய 303 துப்பாக்கி ஆனாலும் 7.62 எஸ்எல்ஆர் துப்பாக்கி ஆனாலும் பேரல் ரிசீவருக்குள் மரையில்தான் இறங்கியிருக்கும், இறுக்கமும் பேய் இறுக்கம். அங்கே யாரும் பேரலில் பைப் ரெஞ்சு போடுவதில்லை. பேரலின் வடிவத்துக்கே குடைந்த இரண்டு பாதிக் கட்டைக்கு நடுவில் அதை வைத்து, பிசின் பொடி தூவி, நாலு போல்ட் போட்டு இறுக்குவார்கள். ரிசீவருக்கு அதன் உள்வடிவத்துக்கோ வெளிவடிவத்துக்கோ பொருந்துகிற தனிச் சாவி. இரண்டும் மரைக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே. ரிசீவரைப் பின்பக்கம் பிடித்துத் திருகினால் மரை விடுவதற்குள் ரிசீவரே முறுகிவிடும், அப்புறம் அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் துப்பாக்கி போல்ட் நேராக ஓடாது. எங்கள் ஹவுசிங்குக்கும் அதே ஆபத்துதான், போல்ட்டுக்குப் பதில் பேரிங்.

இதைப் படித்துவிட்டு யாராவது அப்பா காலத்து லைசென்ஸ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5வது பிரிவு தயாரிப்பு, விற்பனையோடு பழுதுபார்ப்பதையும் சேர்த்தே சொல்கிறது. வைத்திருப்பதற்கான லைசென்ஸ் வேறு, தொழிலாகப் பழுது பார்ப்பதற்கான லைசென்ஸ் வேறு. வெளிநாட்டில் வீட்டு மேசையில் வைத்துப் பேரல் மாற்றுகிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அந்தச் சட்டம் அங்கே. நமக்கு அந்தக் கருவியின் யோசனை மட்டும் போதும், அது படகு எஞ்சினுக்கும் போர்வெல் குழாய்க்கும் ஹைட்ராலிக் ராடுக்கும் அப்படியே பொருந்துகிறது.

கட்டையும் தட்டும்

பேரல் வைஸுக்கு அலுமினியத்திலோ பித்தளையிலோ புஷ் கடைவார்கள். லேத் வரிசையில் நிற்க முடியாததால் நாங்கள் மரத்துக்குப் போனோம். தேக்கு வேண்டாம், அது இதற்கு மென்மை. ராமநாதபுரத்தில் பணம் கொடுக்காமல் கிடைக்கிற ஒரே கெட்டி மரம் சீமைக்கருவேலம். கரி சுடுவதற்கென்று வெட்டிக் காயவைத்த கட்டைகளில் நேரான, வெடிப்பு இல்லாத, வெள்ளை மரம் நீக்கிய வைரத் துண்டாகப் பார்த்து இரண்டு எடுத்தோம். ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர் நீளம், 120 அகலம், 60 கனம். ஊரையே பிடித்த சனியன் என்று நாம் திட்டுகிற மரம்தான், ஆனால் இந்த வேலைக்கு நான் வேறு மரம் தேட மாட்டேன்.

குடையும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு கட்டைக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டையை வைத்து, மூன்றையும் சேர்த்து கிளாம்ப் போட்டு, சேரும் கோட்டின் மேலேயே 48 மில்லிமீட்டர் ஹோல் சாவால் துளை போட வேண்டும். ஹோல் சாவின் ஆழம் போதாது, அதனால் இரண்டு பக்கமிருந்தும் குடைந்து, நடுவில் மிஞ்சியதை உளியால் எடுத்து, கடைசியில் ஒரு குழாய்த் துண்டில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தோம். பிறகு நடுப்பட்டையை எடுத்துவிட்டால், கட்டைகள் குழாயை அணைத்த பிறகும் நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் உயிர். கட்டையும் கட்டையும் முட்டிக்கொண்டால் போல்ட் இறுக்கம் எல்லாம் மரத்துக்குள்ளேயே போய்விடும், குழாய்க்கு வராது.

மேலும் கீழும் 10 மில்லிமீட்டர் இரும்புத் தட்டு, நாலு எம்12 போல்ட், 8.8 கிரேடு. இந்த நாலையும் முழு இறுக்கம் இறுக்கினால் பத்து டன்னுக்கு மேலேயே வரும், அது மரத்தை நசுக்கிவிடும். முழு இறுக்கம் தேவையும் இல்லை, உராய்வைக் கூட்டினால் இறுக்கத்தைக் குறைக்கலாம். அதற்குத்தான் பிசின். சால்டரிங் சாமான் விற்கும் கடையில் ரோசின் கட்டியாகக் கிடைக்கும், அதைச் சுத்தியலால் பொடித்து, குழாயைத் தின்னரால் துடைத்து எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாமல் செய்துவிட்டு, கட்டைக் குழிவில் லேசாகத் தூவினோம். மாமா ராணுவத்திலும் இதையேதான் போட்டாராம். அண்ணன் படகு இடுக்கை அடைக்கும் கலப்பத்து வேலைக்கு வைத்திருந்த குங்கிலியத்தை எடுத்துவந்து இது ஆகாதா என்றார், அதையும் ஒரு துண்டுக் குழாயில் போட்டுப் பார்த்தோம், அதுவும் நன்றாகவே பிடித்தது. இருந்தாலும் ரோசினே போட்டோம், பின்னால் தின்னரில் துடைத்தால் சட்டென்று போய்விடுகிறது.

கட்டை பிடிக்கும் இடத்தில் குழாய்க்கு உள்ளே வெற்றிடம் இருக்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்டையும் புஷ்ஷையும் எடுத்த பிறகு, உள்விட்டத்துக்குப் பொருந்துகிற மாதிரி செதுக்கிய ஒரு மர உருளையை உள்ளே அடித்து நிறுத்தினோம். முன்பு முட்டை வடிவமான இடமும் அதனாலேயே கொஞ்சம் திரும்பி வட்டத்துக்கு வந்தது.

ஹவுசிங் பக்கம் இன்னும் சுலபம். எஞ்சினோடு இணைக்கிற அதன் ஃப்ளேஞ்சில் நாலு எம்10 துளை இருக்கிறது. 12 மில்லிமீட்டர் எம்எஸ் தட்டில் அதே நாலு துளையைப் படி எடுத்துப் போட்டு, தட்டின் ஓரத்தில் ஒரு மீட்டர் சதுரக் குழாயைப் பற்றவைத்தோம். இதற்கு மட்டும் வெல்டிங் பட்டறையில் கெஞ்ச வேண்டியிருந்தது. துளைகள் மையத்திலிருந்து 55 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால் 600 நியூட்டன் மீட்டர் முறுக்கிலும் ஒரு போல்டுக்கு 270, 280 கிலோ அளவுக்குத்தான் வரும், எம்10க்கு அது தூசு. வைஸ் தாடை தொடவே தொடாது, பேரிங் இருக்கை கோண வழியே இல்லை. இந்த ஒரு தட்டு இல்லாமல் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை என்பேன்.

கழற்றிய விதம்

முந்தைய நாள் இரவே டீசலும் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் கலந்து மரை ஓரத்தில் மட்டும் ஊற்றி வைத்தாயிற்று. கட்டை பிடிக்கும் பக்கம் வழியாதபடி நடுவில் துணி சுற்றியிருந்தோம். காலையில் சுத்தமாகத் துடைத்து, கொட்டகைக்கு வெளியே எடுத்துவந்து, நன்றாகக் காயவிட்டு, அதற்கப்புறம்தான் தீச்சுடர் அடிக்கும் டார்ச் பக்கத்தில் வந்தது. பேரிங்கும் ஆயில் சீலும் முன்பே எடுத்தாகிவிட்டது, சீல் இந்தச் சூட்டைத் தாங்காது.

சூடு எதற்கு என்றால், ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 48 மில்லிமீட்டர் விட்டத்தில் 150 டிகிரி ஏற்றினால் இரண்டுக்கும் இடையே 0.08 மில்லிமீட்டர் வித்தியாசம் கிடைக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும், வெள்ளைப் பொடி நெருக்கிய மரைக்கு அது பெரிய இடம். ஆனால் ஹவுசிங் மட்டும் சூடாக வேண்டும், குழாய் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதற்காக ஹவுசிங்குக்கும் கட்டைக்கும் நடுவே விட்டிருந்த இரண்டு அங்குல இடத்தில் ஈரச் சாக்கைச் சுற்றி அவ்வப்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். கட்டை கருகாமலும் இருந்தது, குழாயில் இருந்த கால்வனைஸ் பூச்சும் சூடாகவில்லை. அந்தத் துத்தநாகம் புகைந்தால் அதை மூக்கில் இழுக்கக்கூடாது. சூட்டை அளக்கத் துப்பாக்கி வடிவத் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. பளபளப்பான அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் ஹவுசிங்கில் ஓரிடத்தைக் கரிபூசிக் கறுப்பாக்கி அங்கே பிடித்தோம். அலுமினியம் சிவந்து காட்டி எச்சரிக்காது, அளக்காமல் டார்ச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அப்படியே சரிந்துவிடும்.

மேசை, வைஸ் எதுவும் இதில் வரவேயில்லை. குழாயைக் கிடையாக இரண்டு முக்காலிமேல் சும்மா வைத்தோம். குழாயின் வால் நுனியில் நின்று ஹவுசிங்கைப் பார்த்தால், வலக்கை மரை கழல குழாய் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்ற வேண்டும். அதனால் ஹவுசிங் தட்டில் பற்றவைத்த சதுரக் குழாய், கட்டையோடு சேர்த்த நீளக் கம்பி என்ற இரண்டு கம்பியும் இடதுபக்கம் வருகிற மாதிரி வைத்தோம். ஹவுசிங் தட்டின் கம்பி கீழே, நுனி தரையில் ஒரு பலகைமேல். கட்டையின் கம்பி அதற்கு ஒரு முழம் மேலே. மேல் கம்பியைக் கீழ்க் கம்பியை நோக்கி அழுத்தினால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி மூடும். நாம் மேலே அழுத்துகிற விசையும் தரை கீழே கொடுக்கிற எதிர்விசையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக வந்துவிடுவதால் முக்காலிக்குப் பெரிதாக ஒன்றும் போவதில்லை, எதுவும் கவிழ்வதில்லை. பெரிய மேசையும் தரையில் பதித்த வைஸும் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கம்பிகளுக்கு நடுவில் மட்டும் யாரும் கையோ காலோ வைக்கக்கூடாது.

150 டிகிரி வந்ததும் அண்ணன் மேல் கம்பியில் எடையைப் போட்டார், நான் ஹவுசிங் கழுத்தில் செம்புச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டிருந்தேன். கட்டை வழுக்கவில்லை, அதற்கு அடையாளமாகக் குழாயிலிருந்து கட்டைவரை ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தோம், கோடு உடையவில்லை. டக்கென்று ஒரு சத்தம், கம்பி ஒரு சாண் இறங்கியது. அவ்வளவுதான். விட்ட பிறகும் ஒரேயடியாகக் கழற்றாமல் கால் சுற்று கழற்றி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றி என்று போனோம். அலுமினிய மரையில் பொடி இருக்கும்போது ஒரே இழுப்பில் கழற்றினால் பாதி வழியில் அது மரையைக் கிழித்துக்கொண்டு நிற்கும். வெளியே வந்த மரை முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியது போல இருந்தது.

இது எதற்கும் மசியவில்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு, குழாயை ஹவுசிங் ஓரத்தில் அறுத்துவிட்டு, உள்ளே இருக்கும் மரைத் துண்டை ஆக்சா பிளேடால் நீளவாக்கில் கீறி உள்பக்கம் மடக்கி எடுப்பது. பிளேடு கொஞ்சம் ஆழம் போனால் ஹவுசிங் மரையில் வெட்டு விழும். பட்டறைகளில் சிலர் இதையே முதல் வழியாகச் செய்கிறார்கள், வேகமாக முடியும் என்பது உண்மைதான், பொருள் அவர்களுடையது இல்லை என்பதும் உண்மை.

புதுக் குழாய்

ஹவுசிங் மரையைப் பித்தளை பிரஷால் சுத்தம் செய்தோம், இரும்பு பிரஷ் போட்டால் அலுமினியத்தை உழுதுவிடும். வாய்ப்பக்கம் ஒரு மரை மட்டும் உதிர்ந்திருந்தது, மீதி நன்றாக இருந்தது. ஒன்றரை அங்குல பிஎஸ்பி என்ற குழாய் மரை, அங்குலத்துக்கு 11 மரை. புதுக் குழாய்க்கு மரை வெட்டக் கொடுக்கும்போது சாய்வு மரை வேண்டாம், நேர் மரை வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். குழாய் வேலை செய்கிற இடத்தில் பழக்கத்தில் சாய்வாக வெட்டிவிடுவார்கள், சாய்வு மரை ஹவுசிங் கழுத்தை உள்ளிருந்து பிளக்கிற ஆப்பு. எங்கள் லேத்காரரிடம் பழைய ஹவுசிங்கையே கொடுத்துப் பொருத்திப் பார்த்து வெட்டச் சொன்னோம்.

மரைக்கு என்ன பூசுவது என்பதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். செம்பு கலந்த ஆன்டிசீஸ் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், வேண்டாம் என்றேன். இரும்பே அலுமினியத்தை அரிக்க வைக்கிறது, செம்பு அதைவிட மோசம், உப்புத் தண்ணீரில் அதைக் கொண்டுபோய் அலுமினிய மரைக்குள் வைப்பதற்குப் பதில் சும்மா விட்டுவிடலாம். தண்ணீரில் கழுவிப் போகாத மெரைன் கிரீஸை மரை முழுக்கத் தாராளமாகப் பூசி, மாட்டிய பிறகு சேரும் ஓரத்திலும் ஒரு வளையம் வைத்தோம்.

மாட்ட அதே கட்டை, அதே தட்டு, கம்பிகள் மட்டும் வலதுபக்கம். மரை முடிகிற தோள்பட்டை வரை குழாய் கையாலேயே போய் உட்கார்ந்தது. அதற்கு மேல் மீட்டர் கம்பியில் ஒரு கையால் 12, 13 கிலோ அழுத்தம், அதாவது 120 நியூட்டன் மீட்டர் பக்கம். படகிலிருந்து வாலைத் தூக்கிப் போடும்போது வருகிற வளைவு விசைக்கு அந்த இறுக்கம் வேண்டும், சுற்றுவிசைக்கு இவ்வளவுகூட வேண்டாம். பூட்டு ஸ்க்ரூவைப் போட்டு, அது எங்கே இருக்கிறது என்று பெயின்டில் ஒரு சிவப்புப் பொட்டு. மாமா இன்னும் இறுக்கச் சொன்னார், அவர் பழக்கம் அப்படி. ஆனால் பேரலுக்குள் வெடிக்கிற அழுத்தமும் அதிர்வும் இங்கே இல்லை, அடுத்த முறை கழற்றப்போவதும் நாம்தான் என்றேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

கட்டையை எடுத்த பிறகு புதுக் குழாயில் ரோசின் மஞ்சள் படிந்திருந்தது, தின்னர் துணியால் துடைத்ததும் பூச்சில் ஒரு கீறல் இல்லை. சாப்டை இரண்டு வி பிளாக்கில் உருட்டிப் பார்த்து, புதுப் புஷ் போட்டு மாட்டியதும் கையால் சுற்றினால் ஓரிடத்திலும் உரசாமல் ஓடியது.

வாங்குகிற கணக்குக்கு வந்தால், கையில் கொஞ்சம் பணம் இருந்து பைப் ரெஞ்சில் பெரிய சைஸ் வாங்கலாமா, வைஸில் பெரியது வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு ஃப்ளேஞ்ச் தட்டுக்குச் செலவழியுங்கள். கட்டை காசில்லாமல் கிடைக்கும், போல்ட்டுக்குப் பெரிதாக ஆகாது. 50 என்பி குழாய் போட்ட எஞ்சின் என்றால் வெளிவிட்டம் 60.3, ஹோல் சா 60 எடுக்க வேண்டும், கட்டையின் அகலத்தை 140 ஆக வைத்தால் போல்ட் துளைக்கும் குழிவுக்கும் நடுவில் போதுமான மரம் நிற்கும். எங்கள் 48 மில்லிமீட்டர் கட்டை இப்போது தெற்குவாடியிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. வாங்கிப் போகிறவர்கள் இரண்டு பாதியையும் சேர்த்துத் திருப்பித் தர வேண்டும், போன தடவை ஒன்றுதான் வந்தது.